மருந்தில்லாக் காலத்தில் கண்ட குறிகள்

நினைவிழந்து கிடக்கும் மனிதனை ஆம்புலன்ஸில் ஏற்றிய மாத்திரத்தில், அவனுடைய விரல்நுனியை ஊசியால் மெல்லக் குத்தி, அரும்பி நிற்கும் ஒரு துளி ரத்தத்தைச் சிறு பட்டையொன்றில் தொட்டெடுத்து, அதில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிடுவது இன்று அவசர சிகிச்சையின் மாறாத நியமங்களுள் ஒன்றாகிவிட்டது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தச் சிறு செயலுக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் நிற்கிறது. அச்சரித்திரத்தின் பெரும்பகுதியை ஆக்கியவர்கள் நோயைக் கண்டறிந்தவர்களேயன்றித் தீர்த்தவர்கள் அல்லர். கையில் மருந்து ஏதுமின்றி, எதிரே கிடப்பவன் இன்றோ நாளையோ இறந்துவிடுவான் என்பதை நன்கு அறிந்தும், அவனுடைய மூச்சையும் நிறத்தையும் நீரையும் நாவையும் ஓயாமல் நோக்கி, நோக்கியதை உள்ளது உள்ளபடி எழுதிவைத்துப் போன வைத்தியர்கள் அவர்கள். அவர்களுக்குப் பயன்படாத அந்தப் பொறுமைதான் இன்று நமக்கு விரைவாகப் பயன்படுகிறது.

பிற நோய்களிற் பல, தாம் குடியிருக்கும் இடத்தை வலியாலோ வீக்கத்தாலோ காட்டிக்கொடுத்துவிடும். நாளமில்லாச் சுரப்பிகளின் கோளாறுகள் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. வயிற்றின் ஆழத்தில் மறைந்துள்ள கணையத்தின் குறை தாகமாகவும் மெலிவாகவும் வெளிப்படும். சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் குறை, ஓயாத வாந்தியாகவும் தோலின் கருமையாகவும் தோன்றும். கழுத்திலுள்ள தைராய்டு மிகையாகச் சுரந்தால் இருதயம் படபடக்கும், குறைந்தால் அறிவு மந்தப்பட்டு உடல் குளிர்ந்துபோகும். இவ்வாறு நோய் ஓரிடத்திலும் அதன் லட்சணம் வேறோரிடத்திலுமாக இருப்பதால், முதற் பார்வையிலேயே முடிவு கட்டிவிடுகிற வைத்தியன் இவற்றிடம் தோற்றுப்போவது நிச்சயம். இந்த வியாதிகளைக் கண்டுபிடித்த கதை, அவசரப்பட்டு முடிவு செய்யாமையின் கதை என்றே சொல்லலாம்.

அக்கதையின் ஆரம்ப அத்தியாயங்களுள் ஒன்று நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. பிரமேகம் என்ற பெயரால் சிறுநீர் சம்பந்தமான பலவகை வியாதிகளைத் தொகுத்துச் சொன்ன சரகரும் சுசுருதரும், அவற்றுள் மதுமேகத்தைத் தனியே பிரித்துக் காட்டினர். நோய் முற்றுமுன் தோன்றும் பூர்வரூபங்களைக் கூறுமிடத்தில், எறும்பும் வண்டும் அந்த மனிதனுடைய உடலையும் சிறுநீரையும் நாடி வருவதைச் சரக சம்ஹிதை ஒரு குறியாகக் குறித்திருக்கிறது. பிறவியோடு வருவது ஒன்று, தகாத ஆகார விகாரங்களால் வருவது மற்றொன்று என இருவகையாகப் பிரித்து, முன்னதற்கு ஆளானவன் மெலிந்து வறண்டிருப்பான், பின்னதற்கு ஆளானவன் பருத்து, உட்காரவும் உறங்கவுமே விரும்புவான் என்று சுசுருதர் எழுதினார். இன்சுலின் அறவே சுரவாத இளமைக்கால நீரிழிவையும், உடற்பருமனைத் தொடர்ந்து வரும் நடுவயது நீரிழிவையும் பற்றி இக்காலத்து மாணவன் படிக்கும்போது, அந்தப் பழைய பிரிவினை எவ்வளவு கூர்மையான கண்களால் செய்யப்பட்டது என்பதை உணர்வான்.

தமிழ்நாட்டுச் சித்த வைத்தியமோ நோக்குதலை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்து நிறுத்திற்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வு, ஒன்றைப் பார்த்த மயக்கத்தில் மற்றொன்றை விட்டுவிடாதபடி வைத்தியனைக் கட்டுப்படுத்தியது. அவற்றுள் மூத்திரத்தை ஆராயும் முறை தேரையர் பெயரால் வழங்கி வருகிறது. விடியற்காலையில் எடுத்த நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவற்றைக் காண்பது நீர்க்குறி. அதே நீரைக் கலத்தில் அசையாமல் வைத்து, காற்று அலைக்காத இடத்தில், வெயில் படும்படி, ஒரு துளி நல்லெண்ணெயை மேலே விட்டு, அது பாம்பாக நெளிந்து நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாகத் திரண்டு நிற்கிறதா என்று நோக்கி, வளி, அழல், ஐயம் என்னும் மூன்று தோஷங்களுள் எது மிகுந்தது என்று தீர்மானிப்பது நெய்க்குறி. அந்தத் தீர்மானங்களை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. ஆயினும், நோயாளியின் முன் அமர்ந்தவன் இன்ன வரிசையில் இன்னவற்றைத் தவறாமல் பார்த்தே ஆகவேண்டும் என்ற விதி, எந்தக் காலத்து அவசர சிகிச்சைக்கும் அடித்தளமானது.

ஐரோப்பாவிலும் சிறுநீர்க் குடுவையை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து நோய் சொல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிட்டேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர், தணியாத தாகத்தையும், தசையே கரைந்து நீராக வெளியேறுவதாகத் தோன்றும் மெலிவையும் உள்ளம் உருக வருணித்திருந்தார். ஆனால் அந்நீரின் இனிப்பு அங்கே கவனத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674இல் வெளியிட்ட நூலில் அதன் தேனையொத்த சுவையைக் குறித்தார். இனிப்பு எதனால் என்று அவராலும் சொல்லக்கூடவில்லை.

அதற்கு விடை காண முயன்றவர் லிவர்பூல் நகரத்து வைத்தியர் மாத்யூ டாப்ஸன். அவரிடம் 1772இல் வந்து சேர்ந்த 33 வயது நோயாளி ஒருவன் நாளொன்றுக்கு 28 பைண்ட் சிறுநீர் கழித்தான். டாப்ஸன் அந்நீரைப் பாத்திரத்திலிட்டு, இளஞ்சூட்டில் பொறுமையாகக் காய்ச்சி வற்றவைத்தார். நீர் முழுவதும் ஆவியாகிப் போனபின் அடியில் வெள்ளை நிறக் கட்டியொன்று எஞ்சியது. விரல்களுக்கிடையே எளிதில் உதிர்ந்தது. நாட்டுச் சர்க்கரையின் மணம் வீசியது. நாவில் வைத்தால் சர்க்கரைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியவில்லை. அத்துடன் நில்லாமல், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரையும் அவர் சுவைத்துப் பார்த்தார். அதுவும் இனித்தது. 1776இல் இவ்வாராய்ச்சி வெளியானபோது, சர்க்கரை சிறுநீரகத்தில் உண்டாவதன்று, முன்னரே ரத்தத்தில் இருந்து அங்கே வடிந்து வருவது என்ற உண்மை முதன்முறையாகச் சாட்சியத்தோடு நிலைநாட்டப்பட்டது. இன்று விரல்நுனியில் ரத்தத்தை எடுத்துச் சர்க்கரையைத் தேடுவதற்கு நியாயம் கற்பித்துத் தந்தது அந்த ஒரு வாய்ச் சுவைதான்.

சர்க்கரை தெரிந்தது, சாவு எப்படி வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை. மாதக்கணக்கில் மெலிந்து வந்தவன் ஒருநாள் வயிற்று வலியும் வாந்தியுமாகப் படுப்பான், மறுநாள் மூர்ச்சையில் ஆழ்வான், அதன்பின் எழுந்திருப்பதில்லை. இந்த இறுதி யாத்திரையை அருகிலிருந்து கண்டு எழுதியவர் ஜெர்மனியில் பிரைபர்க் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த அடால்ஃப் குஸ்மால். 1874இல் அவர் எழுதிய கட்டுரையின் மையம் மூச்சு. உடல் முழுவதும் ஓய்ந்து, நாடி தளர்ந்து, கையை உயர்த்தவும் சக்தியற்றுக் கிடக்கும் நோயாளியிடத்தில் சுவாசம் மட்டும் பேராற்றலோடு நடைபெறும் விசித்திரம் அவரை நிறுத்திவைத்தது. மூச்சுத் திணறலுக்கு வழக்கமாகக் காரணமாகும் எதையும் அங்கே காணோம்: தொண்டையில் அடைப்பு இல்லை, நுரையீரலில் சளி இல்லை, காற்று தங்குதடையின்றி உள்ளே போய் வருகிறது, மார்பு எல்லாத் திசைகளிலும் நன்றாக விரிகிறது, இருந்தும், காற்றுப் பசி அடங்காதவனைப்போல அவன் ஆழ ஆழ இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறான். இந்தப் பொருத்தமின்மையையே குஸ்மால் நோயின் அடையாளமாகக் கொண்டார். பலமற்ற உடலில் பலமான மூச்சு என்ற அந்த முரண்பாட்டை, ஆஸ்துமா என்றோ நிமோனியா என்றோ பெயர் சூட்டி ஒதுக்கிவிடாமல் முரண்பாடாகவே ஏற்றுக்கொண்டு நோக்கினாரே, அதுவே அவருடைய மேதைமை.

அம்மூச்சுக்குக் காரணம் பின்னரே தெளிவாயிற்று. பிராக் நகரில் பெட்டர்ஸ் என்பவர் 1857இலேயே இத்தகைய நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதைக் கண்டிருந்தார். அழுகும் பழத்தை நினைவூட்டும் இனிய வாடை நோயாளியின் மூச்சில் வீசுவது அதனால்தான். 1880களில் மின்கோவ்ஸ்கியும் வேறு சிலரும் அந்தச் சிறுநீரில் ஒருவகை அமிலம் மிகுந்திருப்பதை வெளிப்படுத்தினர். இன்சுலின் இல்லாமையால் சர்க்கரையை எரிக்க இயலாத உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்குகிறது. அதில் பிறக்கும் அமிலங்கள் ரத்தத்தில் சேருகின்றன. அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்றிச் சமன்செய்யவே நுரையீரல் அவ்வளவு கடுமையாக உழைக்கிறது. குஸ்மால் கேட்ட மூச்சு, உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் கடைசிப் போராட்டம். அதே மின்கோவ்ஸ்கி 1889இல் பான் மேரிங்குடன் சேர்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது அன்றுதான் உலகத்துக்கு விளங்கியது.

இதே நூற்றாண்டில், லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் அடிஸன் என்பவர் வேறொரு சுரப்பியின் மர்மத்தில் ஆழ்ந்திருந்தார். காரணம் புலப்படாத ரத்தசோகையைத் தேடிக்கொண்டிருந்த அவர், நாளுக்கு நாள் தளர்ந்து, இருதயத் துடிப்பு மெலிந்து, வயிறு எதையும் ஏற்காமல், தோலில் விபரீதமான கருமை படர்ந்து இறந்தவர்களின் உடல்களைச் சோதித்ததில், அதுவரையில் எவரும் பொருட்படுத்தாத அட்ரினல் சுரப்பிகள் சிதைந்திருக்கக் கண்டார். 1855இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் 11 நோயாளிகளின் வரலாறு இருக்கிறது. அடுத்த ஆண்டே பிரௌன் செக்கார் என்னும் உடலியலறிஞர், மிருகங்களின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றினால் அவை பிழைப்பதில்லை என்று காட்டினார். ஆயினும் மருந்துக்கு உலகம் ஏறக்குறைய நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அட்ரினல் புறணியின் ஹார்மோன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1950இல்தான்.

அடிஸன் எழுதிய குறிகளை நம் நாட்டில் காண்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். இயல்பிலேயே கரிய தோலில் புதிய கருமை எளிதில் புலனாகாது. ஆகையால் உள்ளங்கையின் ரேகைகளையும், ஈறுகளையும், கன்னத்தின் உட்புறத்தையும், பழைய தழும்புகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கவேண்டும் என்று நல்ல ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறார்கள். அதைவிட இன்று முக்கியமாகிவிட்டது கேட்டறிதல். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர் திடீரென்று அதை நிறுத்திவிட்டால், உறங்கிப்போன அட்ரினல் சுரப்பி விழித்தெழ இயலாமல், ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆபத்தான நிலையை அடைவதுண்டு. கெட்டுப்போன உணவின் விளைவு என்று அதைக் கருதிவிட்டால் உயிர் போய்விடும். என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார், எப்போது நிறுத்தினார் என்ற இரண்டு கேள்விகளும், தாமதியாமல் நரம்பில் செலுத்தும் ஒரு ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசியும் அவரைக் காப்பாற்றிவிடும்.

மீண்டும் நீரிழிவுக்கு வருவோம். டொராண்டோவில் 1921ஆம் ஆண்டுக் கோடையில், மக்லியாட் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கத் தொடங்கிய முயற்சி, காலிப் என்னும் ரசாயன நிபுணரின் கைவண்ணத்தால் தூய்மை பெற்று, 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனைப் பிழைக்கவைத்தது. எலும்பும் தோலுமாக மரணத்தின் வாயிலில் கிடந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதுவரை குஸ்மாலின் மூச்சு சாவின் முன்னறிவிப்பாக இருந்தது. அன்றுமுதல் சிகிச்சையைத் துவக்குவதற்கான கட்டளையாயிற்று. குறி மாறவில்லை, அதைக் கண்டவனுடைய கடமை மாறிற்று.

ஆனால் அதே மருந்து, உலகம் அதிகம் அறிந்திராத மற்றொரு மயக்கத்தையும் உடன் கொண்டுவந்தது. இன்சுலின் மிகையான முயல்கள் வலிப்புக் கண்டு விழுவதையும், சர்க்கரை செலுத்தியவுடன் எழுந்து அமர்வதையும் காலிப் தம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருந்தார். மனிதரிடத்தில் அந்நிலை எவ்வாறு தோன்றுகிறது என்பதை டொராண்டோவைச் சேர்ந்த பிளெட்சரும் காம்ப்பெல்லும் 1922இலேயே விவரித்துவிட்டனர்: முதலில் பசி, பிறகு நடுக்கம், கொட்டும் வியர்வை, இனம்தெரியாத அச்சம், சர்க்கரை மேலும் இறங்கினால் பேச்சுக் குழறல், தடுமாற்றம், வீண் கோபம், கடைசியில் வலிப்பும் மூர்ச்சையும்.

இவ்வாறு, ஒரே நோயைச் சார்ந்த இரண்டு மூர்ச்சைகள், ஒன்றுக்கொன்று நேர்மாறான சிகிச்சையை வேண்டி, வைத்தியனின் முன் நின்றன. சர்க்கரை மிகுந்து வரும் மயக்கம் நாட்கணக்கில் மெல்ல வருவது. அதில் நாவும் தோலும் வறண்டிருக்கும், மூச்சு ஆழ்ந்திருக்கும், பழவாடை வீசும். சர்க்கரை குறைந்து வரும் மயக்கம் நிமிஷங்களில் வருவது; தோல் குளிர்ந்து சட்டை நனைய வியர்த்திருக்கும், மூச்சில் பெரும்பாலும் மாறுதல் இராது. முன்னதற்கு நீரும் இன்சுலினும் வேண்டும். பின்னதற்குச் சர்க்கரை வேண்டும், உடனே வேண்டும், ஏனெனில் மூளை தன் உணவாகிய சர்க்கரையின்றி நெடுநேரம் தாங்காது. எது என்று அறிய வழியில்லாத இடத்தில் சர்க்கரையைக் கொடுத்துப் பார்ப்பதே முறை என்று வைத்தியர்கள் வகுத்ததும் இதனாலேயே: மிகுந்திருப்பவனுக்கு இன்னும் சிறிது சேர்வதால் வரும் தீங்கு சொற்பம், குறைந்திருப்பவனுக்குக் கிடைக்காமற்போனால் இழப்பு மீளாதது. விழுங்க முடிந்தவனுக்கே வாய்வழி கொடுக்கலாம். நினைவற்றவனின் வாயில் எதையும் ஊற்றலாகாது என்பது அதனோடு பிறந்த விதி.

தெருவில் தள்ளாடி, குழறிப் பேசி, தாங்கவருகிறவரை ஏசும் மனிதனைக் குடிகாரன் என்று ஊர் ஒதுக்கிவிடுவது இயல்பு. அவன் சர்க்கரை குறைந்து தவிப்பவனாக இருந்தால், அந்த ஒதுக்கல் கொலைக்குச் சமமானது. குடித்திருப்பவனுக்கும் சர்க்கரை குறையலாம் என்பதால், மதுவின் வாடை வீசுவதுகூட ஆராய்ச்சியை முடித்துக்கொள்வதற்குக் காரணமாகாது.

இன்சுலின் வந்தும், சர்க்கரையை அளக்கும் வசதி நோயாளியின் அருகில் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்க ரசாயன அறிஞர் பெனடிக்ட் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வகுத்த பரிசோதனையை நம் ஊர் மருத்துவமனைகளில் ஒருகாலத்தில் பழகாதவர் இல்லை. கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், சர்க்கரை இல்லாதபோது நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் அதன் அளவுக்கேற்பப் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறத்தில் வண்டலாகப் படியும். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவு நோயாளருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய நாட்களில், இந்த நிற மாற்றமே வைத்தியனுக்கும் நோயாளிக்கும் வழிகாட்டி. ஆனால் சிறுநீர் சில மணி நேரத்துக்கு முந்திய செய்தியைத்தான் சொல்லும். சர்க்கரை குறைந்திருப்பதை அது சொல்லவே சொல்லாது. 1960களின் நடுவில் ரத்தத்துளியால் நிறம் மாறும் பட்டையும், 1970இல் அந்நிறத்தை எண்ணாக மாற்றும் கருவியும் வந்த பின்னரே, இரண்டு மூர்ச்சைகளையும் நோயாளியின் பக்கத்திலேயே உடனுக்குடன் பிரித்தறியும் வல்லமை மனிதனுக்குக் கைவந்தது.

அதே காலத்தில் அவசர சிகிச்சையும் ஒரு சாஸ்திரமாக உருப்பெற்றது. காற்றுவழி திறந்திருக்கிறதா, சுவாசம் நடைபெறுகிறதா, ரத்த ஓட்டம் செவ்வனே உள்ளதா, நினைவு எந்த அளவில் இருக்கிறது என்ற வரிசை எங்கும் நிலைபெற்றது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேலும் ஜென்னட்டும், கண் திறத்தல், பேசுதல், அசைதல் என்னும் மூன்றைக் கொண்டு நினைவின் ஆழத்தை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தனர். நினைவைச் சோதிக்கும் படியிலேயே சர்க்கரைப் பரிசோதனையும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபின், அந்த வரிசை நகரத்து மருத்துவமனையின் வாசலைத் தாண்டிக் கிராமத்துத் திண்ணை வரையில் வந்துவிட்டது. எண்வகைத் தேர்வைப் பயின்ற பழைய வைத்தியரிடமும், ஆம்புலன்ஸில் வரும் இளம் மருத்துவ உதவியாளரிடமும் ஒழுங்கு தவறாமல் நோக்கும் அந்த ஒரே மனப்பயிற்சியைத்தான் காண்கிறோம்.

கருவி வந்தபின் பழைய குறிகள் எதற்கு என்று கேட்பவருக்கு அண்மைக்காலத்து அனுபவமே விடை தருகிறது. சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்த பிறகு, ரத்தத்தில் சர்க்கரை பெரிதாக உயராமலேயே அமிலம் மிகுந்து நோயாளி அபாயத்தை எட்டும் நிலை சிலரிடம் காணப்பட்டது. அங்கே கருவி காட்டும் எண் ஆறுதல் சொல்லும். ஆழ்ந்து இழுக்கும் மூச்சோ அபாயத்தை அறிவிக்கும். எண்ணை மட்டும் நம்பியவன் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். குஸ்மாலின் கட்டுரையை மனத்தில் ஏந்தியவன் அவனை நிறுத்தி, கொழுப்பு எரிவதில் பிறக்கும் கீட்டோனையும் ரத்தத்தின் அமிலத்தையும் சோதித்துப் பிழைக்கவைப்பான். ஆதலால், அவசர சிகிச்சை பயிலும் நம் இளைஞர்களின் கையில் கருவியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், டாப்ஸனையும் குஸ்மாலையும் அடிஸனையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். தீர்க்க இயலாத நோயையும் அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்று அறிந்த மாணவன், தீர்க்கக் கூடிய நோயைக் கவனியாமல் விடுவதற்குக் கூசுவான்.